எங்கள் ஏழு வீடுகளின் வரிசை

காலை ஆறு இருபது. முதல் ஷெல் கிணற்றடியில் விழுகிறது. அது வரும் கூவல் சத்தம் இல்லை. நேராக இடி. இரண்டாவது, வாழைத் தோட்டத்தில். "படு! படு!" யாரோ கத்துகிறார்கள். ஒன்பது வயது மகள் கயலை என் உடம்பால் மூடுகிறேன். அவள் வாயில் மண். மூன்றாவது விழுவதற்குள் ஓடுகிறோம். என் கணவர் எழுந்து வரவில்லை.

வன்னிக் காட்டோரத்தில் ஏழு வீடுகள். அதுதான் எங்கள் ஊர். எங்கள் அப்பாக்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு அங்கே வந்தவர்கள். கோடரியால் காடு வெட்டினார்கள். கையால் கிணறு தோண்டினார்கள். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை அறைகளில், யார் பக்கத்தில் யார் என்பதைத் துரை முடிவு செய்தார். காட்டில் நாங்களே முடிவு செய்தோம். முதல் முறையாக. கிணற்றிலிருந்து மூன்றாவது எங்கள் வீடு. நான்காவது ராசம்மாக்கா வீடு.

ஓடிய இடமெல்லாம் அதே வரிசையில் தார்ப்பாய் கட்டினோம். "உயிர் போகுது, இதில வரிசை ஒரு கேடா?" என்று ஒருவர் திட்டினார். கேடுதான். விடவில்லை. கடைசி இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே வெடியில் போனார்கள். மற்றவர்கள் அதே வரிசையில் படுத்தோம்.

பல நாள் ஓட்டத்துக்குப் பிறகு, ஒரு மாலை நான்கு பத்து. கடலேரியைக் கடக்கிறோம், இடுப்பளவு உப்புநீர். முன்னால் வெடிக்கிறது. கூட்டம் பிளக்கிறது. என் கையில் கயலின் கை இல்லை. பின்னால் ராசம்மாக்காவின் குரல். "புள்ள என்கிட்ட! நீ ஓடு!" பிறகு புகை. நான் கரையேறினேன். அவர்கள் ஏறவில்லை.

முகாம். படகு. நீலகிரி. நான்கு குடும்பங்கள் மிஞ்சினோம். கேத்தியில் கேரட் தோட்டத்து வேலை. மேஸ்திரி கோயம்புத்தூர்க்காரர். ஐந்து அறைகளைக் காட்டினார். நாங்கள் குடியேறியதைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க, நடுவுல எதுக்குங்க ஒண்ணைக் காலியா உட்டீங்க?"

"அது ராசம்மாக்கா வீடுங்க."

"எங்க அவங்க?"

"வருவாங்க."

"நல்லா இருக்குதுங்க! காத்துக்கு ரூம் குடுத்த மொத ஆளு நான்தான்."

அடுத்த வருடம் அந்த அறைக்கு ஆள் கூட்டிவந்தார். நாங்கள் எல்லோரும் அந்த வாசலில் உட்கார்ந்தோம். அன்று ஒரு கேரட்டும் பிடுங்கப்படவில்லை. வந்தவரைத் திருப்பி அழைத்துப் போனார்.

கயல் இறந்துவிட்டாள் என்றார்கள். நான் ஒப்பவில்லை.  

எட்டாம் வருடம், முகாம் பதிவில் எங்கள் பெயரைத் தேடிப் பிடித்துக் கயல் வந்தாள். அவள் சொல்லித்தான் தெரியும். ராசம்மாக்கா ஒரு காலோடு காட்டோரத்துக்கே திரும்பியிருக்கிறார். தபால் போகாத இடம். நான்காவது இடத்தில் குடிசை போட்டு அவளை வளர்த்திருக்கிறார். எங்கள் இடத்தில் யாரையும் குடியேற விடவில்லை. காய்ச்சலில் போய்விட்டார்.

இழந்தது ஏழு வீடு. ஒரு கிணறு. மாடுகள் எல்லாம். கடைசி இரண்டு வீட்டில் பதினொரு பேர். என் கணவர். ராசம்மாக்கா.

கயல் என்னைக் கட்டிக்கொண்டாள். அழுதாள். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு நான்காவது அறைக்குள் போனாள். மேஸ்திரி கீழிருந்து கூப்பிட்டார்.

"ஆருங்க அது, காலி ரூம்ல?"

என் மகள் வாசலுக்கு வந்தாள்.

"காலி இல்லை. இது ராசம்மா வீடு. நான் அவங்க மக."