பின்னச்சு தாங்காதாக்கும்

சாயா போதும், ஏமானே. மழைக்காலத்தில் இரண்டாவது கோப்பை குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும். நான் நிதானமாகவே சொல்கிறேன், ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும். எனக்கு அவசரமில்லை. வீட்டில் காத்திருக்க இப்போது ஆளில்லை.

என் பெயர் பொன்னப்பன். பாறசாலையில் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். கொல்லயில் வீட்டு ஈஸ்வரமூர்த்தி பிள்ளையை உங்களுக்குத் தெரியும். திருவனந்தபுரத்தில் முப்பது வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு பழைய லாரியை வாங்கி, மேலே பலகைக் கூடு கட்டி, பாறசாலைக்கும் குளத்தூருக்கும் இடையே பஸ்ஸாக ஓடவிட்டார். போன கும்ப மாதம் அதன் எஞ்சின் செத்துப்போனது. அவர் எங்கிருந்தோ ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைக் கட்டைவண்டியில் ஏற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். இதை மாட்டினால் பின்னச்சு, அதாவது பின் சக்கரத்து அச்சு, தாங்குமா என்று கேட்டார்.

நான் அச்சைக் கழற்றி அளந்து பார்த்தேன். பழைய எஞ்சினின் இழுப்புக்கு ஏற்றபடி செய்த அச்சு அது. புதியது இரண்டு மடங்கு இழுக்கும். அந்த மாதிரி லாரியில் சக்கரம் அச்சின் நுனியிலேயே நிற்கிறது. அச்சு ஒடிந்தால் சக்கரமும் கழன்று போகும். இதையெல்லாம் விளக்கிவிட்டு, "தாங்காதாக்கும்" என்றேன்.

எங்கள் பேச்சில் ஆக்கும் என்றால் உறுதி. சத்தியம் செய்வதற்குச் சமம். ஆனால் பிள்ளைக்கு முப்பது வருஷத்தில் காது மலையாளமாகிவிட்டிருந்தது. அங்கே ஆக்கும் என்றால் ஒருவேளை, இருக்கலாம் என்றுதான் கேட்கும்.

"எலே பொன்னப்பா, தாங்காதாக்கும்னா தாங்கினாலும் தாங்கும், அப்பிடித்தானே? உனக்கே உறப்பில்ல, நிச்சயமில்ல. பின்ன எனக்கு என்ன பயம்? மாட்டுலே" என்று சிரித்தார்.

பட்டறையில் பத்துப் பேர் நின்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். எஞ்சினை மாட்டிக் கொடுத்தேன். வேலையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அச்சு தாங்கியது. மீன மாதம் போனது, மேட மாதம் போனது, தாங்கிக்கொண்டே இருந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டிலெல்லாம் ஏறியது. டிரைவர் ராபின்சன் என் பட்டறையைக் கடக்கும்போதெல்லாம் ஹாரனை அமுக்கி, "ஆக்கும் மேசிரி, இன்னும் ஓடுதாக்கும்!" என்று கூவிவிட்டுப் போவான். பத்து நாளில் ஊர் முழுக்க எனக்கு அதுதான் பேர். சந்தையில் மீன் விற்பவள்கூட, "மீன் நல்லதாக்கும் மேசிரி" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். எனக்குக் கோபம் வராது, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் இருபத்திரண்டு வருஷம் இந்தக் கையை நம்பித்தான் ஊர் வண்டி ஓட்டியது. பிறகு நான் பிரேக் தேய்ந்திருக்கிறது என்று சொன்னாலும், தேய்ந்ததா, தேய்ந்ததாக்குமா என்று கேட்கத் தொடங்கினார்கள். என் சொல்லுக்கு மதிப்பில்லை என்று ஆன பிறகு என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

இடவ மாதத்தில் மழை பிடித்தது. சக்கரத்துக்குக் கிரீஸ் வைக்க வண்டியை விட்டுவிட்டு ராபின்சன் கஞ்சி குடிக்கப் போனான். நான் இடது பக்கத்து அச்சை உருவி, முக்கோண அரத்தால், சக்கரம் உட்காரும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, சுற்றிவர ஒரு கோடு இழைத்தேன். ஆழம் அதிகமில்லை, ஒரு நெல்லின் கனம்கூட இல்லை. எப்படியும் நடக்க வேண்டியது கொஞ்சம் முன்னதாக நடக்கட்டும் என்றுதான். கிரீஸை நன்றாக வைத்து மூடினேன்.

ஆறு நாள் ஓடியது. ஏழாம் நாள் காலையில் என் மனைவி சத்யபாமா குடையும் கையுமாக வந்து நின்றாள்.

"அம்மைக்குக் காய்ச்சலு. குளத்தூர் வரைக்கும் போயிட்டு வாறேன். பிள்ளைவாளுக்க பஸ்ஸிலே போகட்டா? வண்டி தாங்கும் இல்லியா?"

அவள் இரண்டு வருஷமாக இருமல்காரி. மழையில் அவ்வளவு தூரம் நடக்கமாட்டாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். பஸ்ஸை நிறுத்தினால் இந்த ஜன்மத்தில் அந்த அச்சு ஒடியப்போவதில்லை. நான் யோசித்தேன், ஏமானே. யோசிக்காமல் சொன்னேன் என்று எழுதிவிடாதீர்கள்.

"தாங்குமாக்கும்" என்றேன்.

அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. பிள்ளை எனக்குச் சொல்லிக்கொடுத்த அர்த்தத்தில் சொன்னேன். அவள் பழைய அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பதினொரு மணிக்குத் தகவல் வந்தது. குளத்தூர் இறக்கத்தில் சக்கரம் கழன்று, பஸ் சாலையோரத்தை உடைத்துக்கொண்டு குளத்தில் விழுந்திருந்தது. ராபின்சனோடு சேர்த்து ஐந்து பேர் செத்திருந்தார்கள். சத்யபாமாவைக் கரையில் தென்னோலையில் கிடத்தியிருந்தார்கள். வண்டியைக் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் போய்க் குனிந்து பார்த்தது பின்னச்சை. இடது பக்கம்தான், சுத்தமாக ஒடிந்திருந்தது. பிறகு அவளிடம் போனேன்.

பிள்ளை சேற்றிலேயே என் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "நீ சொன்னது சரி, மக்கா. அண்ணைக்கே சொன்னே. நான் கேக்கல்லியே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அத்தனை பேரும் கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் வாய்விட்டு அழுதேன். சத்யபாமாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து யாரோ என்னைத் தாங்கிப் பிடித்தார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்கமாட்டேன். நேற்று விசாரணை முடிவை வாசித்தார்கள். மழையில் சாலையோரம் இடிந்து பஸ் சரிந்ததாம். விழுந்த அடியில் அச்சு ஒடிந்ததாம். பிள்ளையும் எழுந்து அதுதான் சரி என்று கும்பிட்டார். வெளியே வந்ததும் ஒருவன், "அப்பம் அச்சு தாங்கத்தான் செய்திருக்கு, இல்லியா மேசிரி" என்று கேட்டான்.

ஒடிந்த துண்டு உங்கள் கொட்டகையில் கிடக்கிறது. துடைத்துப் பாருங்கள், என் அரத்தின் கோடு தெரியும். ஐந்து பேரையும் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தூக்கு என்றாலும் சரி. அந்தக் காகிதத்தில் சாலை என்று போட்டிருக்கிறதே, அதை மட்டும் அடித்துவிட்டு அச்சு என்று எழுதிவிடுங்கள், ஏமானே.