அழகுபாண்டி நிப்பாட்டுன பாடம்

சத்தியமாச் சொல்றேன் மாப்ள, இதுல ஒரு சொல்லு பொய்யின்னா இந்த பஸ்ஸு காளவாசலத் தாண்டக் கூடாது. அதுக்கு முன்னாடியே நின்னுட்டா எம்மேல பழி போடாத, வண்டி லட்சணம் அப்பிடி. போன்ல என்ன கத்துறாய்ங்க... பள்ளிக்கூடத்துல பாலியல் கல்வி வேணுமா வேணாமாவா? அமத்து, அமத்து. அதை எங்கூரு அழகுபாண்டி எப்பவோ பேசி முடிச்சுட்டான்.

மாட்டுத் தரகன். உசிலம்பட்டிச் சந்தையில அவன் வாயத் தெறந்தா காளையே காதப் பொத்திக்கிரும். கிடேரி பருவத்துக்கு வந்துருச்சு, சினை ஊசி போட வாங்கன்னு மாட்டு டாக்டருக்கு போன்ல கூப்பாடு போடுவான், பக்கத்துல மக யாழினி இட்லி தின்னுக்கிட்டு இருக்கும். அக்கா மக வயசுக்கு வந்தப்ப, தாய்மாமன் நாந்தேன்னு கூலிங்கிளாஸ் மாட்டி பஸ் ஸ்டாப்புல ப்ளெக்ஸு வச்சான் பாரு... அம்புட்டு ஒசரம், காக்காயே மூச்சு வாங்கித்தான் மேல உக்காரும்.

அப்பேர்ப்பட்டவன், ஜெஸி டீச்சர் ஏழாப்புப் பிள்ளைகளுக்கு ஒடம்பு வளர்ற வெவரத்த ஒரு கிளாஸ் எடுக்கப் போறாகன்னதும் பெற்றோர் கூட்டத்துல எந்திரிச்சுட்டான். கலாச்சாரம் போச்சு, மானம் போச்சு, பள்ளிக்கூடத்துல அந்தப் பேச்சே கூடாதுன்னான். ஹெட்மாஸ்டரு நல்ல மனுசன், அதாவது பயந்தவரு. கிளாஸு நின்னு போச்சு.

கொஞ்ச நாள்ல, அதே ஏழாப்புல படிக்கிற அவன் மக யாழினிக்கே பள்ளிக்கூடத்துல வச்சு ஆயிருச்சு மாப்ள. அதுக்குப் பந்தி தெரியும், சீர் தெரியும், ப்ளெக்ஸு தெரியும். என்ன நடக்கும்னு மட்டும் ஒருத்தரும் சொல்லல. ஆத்தாகிட்ட கேட்டதுக்கு வாயில அடி. ரத்தத்தப் பாத்துட்டு, சாகப்போறோம்னு கக்கூஸுக்குள்ள போயித் தாப்பாப் போட்டுக்கிருச்சு. யாரு கூப்பிட்டும் தெறக்கல, அப்பா வந்தாத்தேன்னுருச்சு.

சந்தையிலருந்து ஓடியாந்தான். கதவுக்கு வெளிய நின்னு தட்டுறான். அவனுக்குத் தெரிஞ்ச பாசை ஒண்ணுதான.

"ஒண்ணுமில்ல தாயி... நம்ம கிடேரிக்கு ஆகலையா, அது மாதிரிதேன்..."

உள்ள அழுகை நின்னு போச்சு.

"அப்ப என்னையும் சந்தைக்கு ஓட்டிருவியாப்பா?"

எம்புட்டோ காளைய ஒத்தக் கையால உக்கார வச்சவன், கக்கூஸ் வாசல்ல உக்காந்துட்டான். டீச்சரைப் பாத்தான். அந்தம்மா லேசுப்பட்டவுக இல்ல.

"நான் பேசுனா மானம் போயிருமேண்ணே?"

"பேசுங்க தாயி"ன்னான்.

கதவுகிட்ட வாய வச்சு, பொறுமையா, ஏன் வருது, எதுக்கு வருது, பயப்பட ஒண்ணுமில்லன்னு சொன்னாக. வெளிய நின்ன பிள்ளைக எல்லாம் கேட்டுச்சுக. இவனும் கேட்டான். நடுவுல சந்தேகம் வேற கேட்டான்ங்கிறேன். பொறவுதேன் தாப்பா வெலகுச்சு. பிள்ள வந்து டீச்சர் கையத்தேன் பிடிச்சது.

இப்ப கிளாஸு நடக்குது. யாரு நடத்தச் சொன்னான்னு ஊருக்குத் தெரியாது. எதுத்தவனே வேணும்னு சொன்னா சந்தையில தலை காட்ட முடியுமா? தரகருக வெலைய வாயால சொல்ல மாட்டாய்ங்கள்ல, கைய துண்டப் போட்டு மூடி வெரலத்தான பிடிப்பாய்ங்க. அப்பிடித்தேன், ஹெட்மாஸ்டரு கைய துண்டுக்குள்ள இழுத்து ஒரு அமுக்கு. அவரு, மாடு வேணாம்ப்பா, எங்க வீட்டுல கட்ட எடமில்லன்னுருக்காரு. ஜெஸி டீச்சருக்குத்தேன் வெளங்கி, அன்னைக்கே கிளாஸ ஆரம்பிச்சாக. கூட்டத்துல மட்டும் அவன் இன்னும் எதுத்துத்தேன் பேசுறான்.

என்ன, எந்திரிச்சுட்ட... எறங்கப் போறியா? இரு மாப்ள. இது வெளிய தெரிஞ்சா ரோசத்துல மறுபடியும் நிப்பாட்டிருவான், பிள்ளைக பாடு போச்சு. அதனாலதேன் நான் யாருகிட்டயும் மூச்சு விடுறதில்ல, அந்தா முன் சீட்டுல ரெண்டு பேரத் தவர. யாரு சொன்னான்னு கேட்டா எம்பேரச் சொல்லிராத. எம்பேருதேன் உனக்குத் தெரியாதே... அதுவும் நல்லதுக்குத்தேன்.