நரைக்கு விற்ற வேர்

பெயர்: மாக்கிரட் றெனோல்ட். வயது: 51. முகவரி: பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல். தொழில்: வில்லரேயில் உள்ள கார்டெரி எனப்படும் பகல்நேரக் காப்பகம் ஒன்றில் குழந்தைகளைப் பராமரித்தல். வாக்குமூலம் தமிழில் அளிக்கப்பட்டு, மொழிபெயர்ப்பாளர் கஜந்தினியின் உதவியுடன் பதியப்பட்டது.

மௌனமாக இருக்க எனக்கு உரிமை உண்டு என்று அறிவிக்கப்பட்டது. சட்டத்தரணியுடன் தொலைபேசியில் பேசினேன். எதுவும் சொல்ல வேண்டாம் என்றார். அவருக்கு நன்றி கூறிவிட்டு, என் சொந்த விருப்பத்தின் பேரில் பின்வருவனவற்றைச் சொல்கிறேன்.

என் கணவர் றெனோல்ட் எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவை நடத்துபவர். சென்ற பெருநாள் திருப்பலியை மேல்மாடியிலிருந்து வீடியோ எடுத்திருந்தார்கள். அதில் தன் தலையைப் பார்த்த நாள் முதல் நரை அவருக்கு ஒரு நோயாகிவிட்டது. அதன் பின்னர் அவர் தேவதாசன் என்பவரிடம் போனார். இந்தத் தேவதாசன் முதலில் ஆயுள் காப்புறுதி விற்றார், பின்னர் தண்ணீர் வடிகட்டி விற்றார், இப்போது தன்னை மூலிகை ஆய்வாளர் என்று சொல்லிக்கொள்கிறார். எதை ஆய்ந்தார் என்பது எனக்குத் தெரியாது. அவர் ஹெ ஷோ வூ எனப்படும் சீன வேரின் தூளை ஒரு போத்தலில் கொடுத்து, காலையும் மாலையும் வெந்நீரில் கலந்து குடிக்கச் சொன்னார். நான் வேலை செய்யும் இடத்தில் பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் மருந்துகூடக் கொடுக்க முடியாது. இவர் என் கணவரிடம் வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

சில வாரங்களின் பின்னர் என் கணவருக்கு உடம்பெல்லாம் கடித்தது, சொறிந்துகொண்டே இருந்தார். சாப்பாடு பிடிக்கவில்லை. சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் போனது. அவர் தேவதாசனை அழைத்துக் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். தொலைபேசி சத்தமாக இருந்தது. "அது உடம்பிலை கிடக்கிற நஞ்சு வெளியாலை போறது அண்ணை. இன்னும் ஒரு கரண்டி கூட்டிக் குடியுங்கோ" என்றார். என் கணவர் கூட்டிக் குடித்தார். மூன்று பிள்ளைகளை வளர்த்த மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பின்னர் அவரது கண்கள் மஞ்சளாகின. நான் அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றேன். வேறு ஏதாவது எடுக்கிறீர்களா என்று வைத்தியர் கேட்டதற்கு இல்லை என்றார், வெட்கமாம். நான் போத்தலை எடுத்துக் கொடுத்தேன். இங்கே இப்படியான பொருளுக்கு அரசின் அனுமதி எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்றார் வைத்தியர். அந்தப் போத்தலில் ஒரு மயிலின் படம் இருந்தது. ஈரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், இரத்தத்தில் ஏறியிருக்கும் அளவுகள் இறங்காவிட்டால் மாற்று ஈரல் பற்றி யோசிக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். இந்த வேர் முடியைக் கறுப்பாக்கும் என்பதற்கு எலிகளிலும் ஆய்வுகூடத்தில் வளர்த்த உயிர்க்கலங்களிலும் செய்த சோதனைகள்தான் பெரும்பாலும் உள்ளன, ஈரலைக் கெடுத்ததற்கோ மனிதர்களே பலர் சாட்சி என்று விளக்கினார். சீன வைத்தியர்கள் அதைக் கறுப்பு அவரைச் சாற்றில் அவித்துப் பதப்படுத்துவார்களாம். அதனால் ஆபத்து குறையும், இல்லாமல் போகாது. சிலரது உடம்புக்குப் பிறப்பிலேயே அது ஒத்துவராது, பார்த்து அறியவும் முடியாது என்றார்.

அடுத்த ஞாயிறு பிற்பகல் தேவதாசன் மண்டபம் ஒன்றில் கூட்டம் வைத்தார். அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கலாம் என்று போனேன். வைத்தியர் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்த போத்தலும் என் கைப்பையில் இருந்தது. ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது என்று சொல்லி, அவர் திரையில் பயனாளர்களின் படங்களைக் காட்டினார். மூன்றாவது என் கணவர். ஒரு பக்கம் நரையுடன், மறுபக்கம் கறுப்பாக. எங்கள் திருமணத்தன்றும் அவரது தலை அவ்வளவு கறுப்பாக இருக்கவில்லை. அந்த நேரம் அவர் வைத்தியசாலையில் கையில் சேலைன் ஊசியுடன் படுத்திருந்தார்.

நான் எழுந்து, "இந்த ஆராய்ச்சி ஆரிலை செய்தது?" என்று கேட்டேன்.

"முதலிலை விலங்கிலை அக்கா."

"எந்த விலங்கு?"

"எலி."

"பேந்து?"

"இரண்டாயிரம் வருசமாய்ச் சனம் குடிக்குது அக்கா. அதைவிட என்ன சயன்ஸ் வேணும்?"

சனம் கை தட்டியது. தூள் பச்சையாக அரைத்ததா அவித்து அரைத்ததா என்று கேட்டேன். கொண்டுவந்து தருபவருக்குத்தான் தெரியும் என்றார். என் கணவரின் நிலையை எல்லோருக்கும் சொன்னேன். "அக்கா கவலையிலை கதைக்கிறா, மைக்கை ஓவ் பண்ணுங்கோ" என்றார். என்னிடம் மைக் இருக்கவில்லை.

அதன் பின்னர் நான் மேடைக்குப் போய், அவரது தண்ணீர்க் கிளாசில் மூன்று கரண்டியளவு தூளைக் கொட்டிக் கலக்கி, குடிக்கச் சொன்னேன். அவர் கிளாசைப் பார்த்தார். பின்னர் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்க, "நான் பிரஷர் மருந்து எடுக்கிறன் அக்கா, எனக்கு இது கூடாது" என்றார். அவரது காதோரம் முடிச்சாயம் தோலில் ஒட்டியிருந்ததைக் கண்டேன். அதன் பின்னர் கிளாசிலிருந்ததை அவரது தலையிலும், மிச்சத்தை மடிக்கணினியிலும் ஊற்றினேன். திரையில் என் கணவர் மறைந்தார். நான் தேவதாசனை அடிக்கவில்லை. தொட எனக்கு விருப்பமும் இருக்கவில்லை.

மண்டபக்காரர் பொலிஸை அழைத்தார். அவர்கள் வரும்வரை முன்வரிசைக் கதிரையில் இருந்தேன். அந்த நேரத்துக்குள் ஒரு பெண் என்னைத் தாண்டிப் போய், தலையைத் துடைத்துக்கொண்டிருந்த தேவதாசனிடம், தன் முடி கொட்டுகிறது, அதற்கும் இது சரிவருமா என்று கேட்டார். சரிவரும் என்றார் அவர்.

என் கணவர் நேற்று வீட்டுக்கு வந்தார். மாற்று ஈரல் தேவையில்லை என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். கண்ணில் மஞ்சள் இன்னும் முழுதாகப் போகவில்லை. நான் தேவதாசனிடம் மன்னிப்புக் கேட்டால் பங்குச் சனத்தின் முன் நல்லது என்று கணவர் என்னிடம் சொன்னார். அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, பொலிஸார் வரச் சொல்லியிருந்தபடி இங்கே வந்தேன்.

இந்த வாக்குமூலம் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. ஒரு திருத்தம் மட்டும் கேட்டேன். ஊற்றிய இடத்தில் "ஆத்திரத்தில்" என்ற சொல் சேர்க்கப்பட்டிருந்தது. அப்படி இருந்தால் எனக்கு உதவும் என்று அதிகாரி சொன்னார். நான் யோசித்துத்தான் ஊற்றினேன் என்றேன். அந்தச் சொல் நீக்கப்பட்டது. மிகுதி முழுவதும் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மையாகவும் இருக்கிறது.

(ஒப்பம்) றெ. மாக்கிரட்