அண்ணனுக்கு ஆகாத கொத்தமல்லி

அண்ணி: இன்னொரு கரண்டி பருப்பு?

நாத்தனார்: போதும் அண்ணி.

அண்ணி: நல்லா இருக்குல்ல? எத்தனை வருஷம் கழிச்சு இந்த வீட்டுக்குள்ள கொத்தமல்லி வந்திருக்கு...

நாத்தனார்: ம்... நல்லா இருக்கு.

அண்ணி: உங்க அண்ணனுக்கு அந்த வாசனையே ஆகாது. கல்யாணமான புதுசுல ஆசையா ஒரு கட்டு வாங்கிட்டு வந்தேன். இந்தக் கருமத்தை வெளிய எறின்னு குதிச்சாரு பாரு. பயந்தே போயிட்டேன்.

நாத்தனார்: அவன் அப்படித்தான்.

அண்ணி: சோப்பைக் கடிச்ச மாதிரி இருக்குமாம்.

நாத்தனார்: சோப்பு இல்ல, மூட்டைப்பூச்சியை நசுக்கின மாதிரி...

அண்ணி: உனக்கெப்படித் தெரியும்?

நாத்தனார்: அண்ணன்... சொல்லுவான்.

அண்ணி: சரி, ஏன் வாய்க்கு வாய் தண்ணி குடிக்கிற?

நாத்தனார்: காரம்.

அண்ணி: மிளகாயே போடலையே.

நாத்தனார்: அப்போ... விக்கல்.

அண்ணி: பெட்டி கட்டியாச்சா?

நாத்தனார்: ஆச்சு. இருட்டுறதுக்குள்ள ஹாஸ்டலுக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஆபீசும் பக்கம்.

அண்ணி: இங்கேருந்து மட்டும் என்ன, கடல் தாண்டியா போற?

நாத்தனார்: அதுக்கில்ல... அண்ணன் இருந்தான், இருந்தேன். அவனே கண்ணை மூடினப்புறம் நான் எந்த உரிமையில இங்க உக்காந்து சாப்பிடுறது? என்னைச் சுமக்கணும்னு உங்களுக்கென்ன தலையெழுத்தா?

அண்ணி: சுமக்குறேன்னு நான் சொன்னேனா?

நாத்தனார்: சொல்ல மாட்டீங்க. அதான் நானே...

அண்ணி: சாப்பிடு. ஆறுது.

நாத்தனார்: அண்ணி, போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். திட்டக் கூடாது.

அண்ணி: திட்டுற மாதிரி இருந்தா திட்டுவேன்.

நாத்தனார்: அண்ணனுக்குக் கொத்தமல்லின்னா உசிரு.

அண்ணி: ம், சொல்லு.

நாத்தனார்: எனக்குத்தான் ஆகாது. எங்கப்பா தட்டுல ஒரு இணுக்கு ஒதுக்க விடமாட்டாரு. நான் வாயில வெச்சுக்கிட்டு முழுங்க முடியாம அழுவேன். ஒருநாள் அண்ணன், எனக்கு இது குமட்டுது, இனிமே போட்டா நான் சாப்பிட மாட்டேன்னுட்டான். ஆம்பளைப் பிள்ளை சொன்னா எடுபடுமே... அதோட நின்னுச்சு.

அண்ணி: கல்யாணத்துக்கு அப்புறமும் ஏன்?

நாத்தனார்: புதுசா வந்தவங்க நாத்தனாரைத் தொல்லைன்னு நினைச்சிடக் கூடாதாம். உங்களுக்கு அது எவ்வளவு பிடிக்கும்னு தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல. மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

அண்ணி: எங்கம்மா வீட்டுக்கு வந்தா தோட்டத்துல நின்னு பச்சையாவே கிள்ளி மென்னுக்கிட்டிருப்பாரு. பிடிச்சுட்டேன். தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு கெஞ்சினாரு.

நாத்தனார்: அப்போ... உங்களுக்கு அப்பவே தெரியுமா?

அண்ணி: தெரியும்.

நாத்தனார்: தெரிஞ்சுமா இன்னைக்கு எனக்கு இதை அள்ளி அள்ளிப் போட்டீங்க?

அண்ணி: போகாதேன்னு கேக்க எனக்கு வாய் வரலடி. நீ விருந்தாளி மாதிரி எதை வெச்சாலும் நல்லா இருக்குன்னுட்டு பெட்டியைக் கட்டுற... இதைப் போட்டாவது, என்ன கருமம் இதுன்னு என்கிட்ட உரிமையா ஒரு சண்டை போடுவியான்னு பார்த்தேன்.