மலைக்கு ஒரு மெழுகுவர்த்தி

கல்லறைத் திருநாளன்று மூணாறு போகும் ஜீப்பில், என் எதிரே இரண்டு பெண்கள் கல்லறைகளில் ஏற்றுவதற்கான மெழுகுவர்த்திகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“எம் புருசன மண்ணுசரிவு கொண்டு போயிருச்சு, உடம்பே கிடைக்கல. நான் மலை முழுக்கவா ஏத்த?” என்றாள் இளையவள்.

“ஏத்துடி. தேயிலை எரியுதுன்னு எஸ்டேட்டு தொரை ஓடி வருவாரு,” என்றாள் மூத்தவள்.

“சிரிக்காதீங்கக்கா. கடைசி நாள்ல எல்லாரும் கல்லறையிலருந்து எந்திரிப்பாங்களாம். கல்லறையே இல்லாத மனுசன் எப்படி எந்திரிப்பாரு?”

“மலைய உண்டாக்குனவருக்கு, அதுக்குள்ள யாரு படுத்திருக்கான்னு தெரியாதாடி?”

மண் சரிந்த இடம் வந்ததும் இளையவள் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். அத்தனை பெரிய மலையின் அடியில் ஒரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினாள்.

“ஒன்னு போதுமாடி?”

“இவரு எங்க இருக்காருன்னு ஆண்டவருக்குத் தெரியுமேக்கா. போதும்.”

ஜீப்புக்குள் இருந்த நான், மாதா கோயிலில் போடுவது போல முக்காடு போட்டுக்கொண்டேன்.