ஆறு இன்ஜெக்டர், ஒரு அட்டை

— அந்த ஸ்டூல் என்னோடது அண்ணி.

— தெரியும் கண்ணு. ரெண்டு நிமிஷம் உக்காந்துக்கறேன். லேப்டாப்பைக் கையில ஏந்திக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கறது?

— சும்மா சொன்னேன், உக்காருங்க. நாளையிலேருந்து எல்லாம் உங்களோடதுதானே. ஸ்டூல் என்ன, ரோலர் என்ன, இந்த டியூனிங் ரூம் என்ன.

— யாரு சொன்னா அப்படி?

— அண்ணன்தான். நேத்து காலையில சாப்பிடறப்போ. "பல் டாக்டர் வண்டி மட்டும் நாளைக்கு நல்லபடியா ஓடிடுச்சுன்னா டியூனிங் ரூமை உங்க அண்ணி பாத்துக்கட்டும், நீ முன்னாடி கவுண்டருக்குப் போயிடு பொடிசு"ன்னான். நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க, காதுல விழலையா?

— விழுந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலையே.

— அதான். ஒண்ணும் சொல்லல.

— கவுண்டர்ல என்ன கஷ்டம்? ஃபேன் இருக்கு. நகத்துல கிரீஸ் ஏறாது.

— எனக்குக் கிரீஸ் பிடிக்கும். இந்த ஷெட்டு ஆரம்பிச்சப்போ அண்ணன், நான், ஒரு ஓட்டை ஜாக்கி. அவ்வளவுதான். ஜாக்கி எப்போ இறங்கும்னு தெரியாது, ஒருத்தர் வண்டிக்கு அடியில போனா இன்னொருத்தர் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அப்பலாம் வண்டி கொண்டு வர்றவங்க முன்னாடி அண்ணன் என்னைத்தான் கூப்பிட்டு நிறுத்துவான். "என் தங்கச்சி இன்ஜெக்டர் டிக்டிக்குன்னு அடிக்கறதைக் கேட்டே எது அடைச்சிருக்குன்னு சொல்லிடுவா"ன்னு. இப்போ உங்களைக் கூப்பிட்டு நிறுத்தறான்.

— நானா கேட்டேன்?

— நீங்க கேக்க மாட்டீங்க. உங்களுக்குக் கேக்காமலே கிடைக்கும். முன்னெல்லாம் டீ வந்தா அண்ணன் ஒரு டம்ளரை நேரா என் பெஞ்சுல கொண்டாந்து வெப்பான். இப்போ உங்க டம்ளர் போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம், யாராவது எடுத்துக்கோன்னு ஒரு குரல். அது ஆறி ஆடை கட்டியிருக்கும்.

— இத்தனை நாள் டீயைக் கூடவா பாத்துக்கிட்டு இருந்தே?

— எல்லாத்தையும்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

— சரி விடு. காலையில மாட்டினியே ஆறு இன்ஜெக்டர், ரப்பர் வளையம் எல்லாம் சரியா உக்காந்துச்சா?

— எண்ணெய் தொட்டுத் தடவித்தான் உள்ள விட்டேன். ஒரு சொட்டு கசியாது.

— அதானே. உன் கை பட்டா கசியுமா.

— பழைய இன்ஜெக்டரையே விட்டிருக்கலாம். டாக்டர்தான் பெரிய டர்போ வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு.

— டர்போ பெருசானா காத்து அதிகமா உள்ள போகும், பெட்ரோலும் அதுக்கு ஈடு குடுக்கணுமில்ல. பழசு பாவம், எவ்வளவு திறந்து வெச்சாலும் பத்தாது.

— எனக்கே பாடம் எடுக்கறீங்களா? இது உங்க கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.

— பாடம் இல்லம்மா. பேச்சுக்குச் சொன்னேன்.

— நான் கடைக்கு போல்ட் வாங்கப் போயிருந்தப்போ ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களாமே?

— ஆமா. ஒரு பத்து நிமிஷம்.

— எப்படி இருந்துச்சு?

— தொட்டில் ஆட்டற மாதிரி. மிதிக்காம நின்னபடி ஓடற ஐடில்ல ஒரு உதறல் இல்ல.

— ஒண்ணுகூடவா இல்ல?

— ஏன், இருக்கணுமா?

— இல்ல, சும்மா கேட்டேன். புது இன்ஜெக்டர் மாட்டினா முதல்ல கொஞ்சம் தடுமாறும். இழுத்து இழுத்து ஓடும். நம்ம ஆளுங்களே முழிப்பாங்க.

— யாரும் முழிக்கல. காத்து, பெட்ரோல் கலவை எல்லாம் கோடு போட்ட மாதிரி இருந்துச்சு.

— அதை நம்பிடாதீங்க அண்ணி. ஐடில்ல சின்னத் தப்பு இருந்தா வண்டி கம்ப்யூட்டரே பூசி மெழுகிடும். முழுசா மிதிச்சாத்தான் உள்ள இருக்கிறது வெளிய வரும்.

— மிதிக்கத்தானே போறோம். உங்க அண்ணன் சைலன்சர் வெல்டிங்கை முடிச்சுட்டு வரட்டும். நின்ன இடத்துலயே சக்கரம் சுத்த வண்டியை ரோலர் மேல ஏத்தி பெல்ட்டெல்லாம் கட்டியாச்சு, பாரு.

— இன்னிக்கேவா? வெயில் கொளுத்துது. காத்து சூடா இருந்தா நம்பர் சரியா வராது. நாளைக்குக் காலையில வெச்சுக்கலாமே.

— அஞ்சு மணிக்கு டாக்டர் வந்துடுவாரு.

— வரட்டுமே. ஊரையே வாயைத் திறந்து வெச்சு மணிக்கணக்கா காக்க வைக்கறவருதானே. ஒரு நாள் அவரும் உக்காரட்டும்.

— நல்லா பேசறே. ஆனா ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது உனக்கு?

— வெயில்னு சொன்னேனே. அண்ணி, அந்த அட்டை எங்க?

— எந்த அட்டை?

— நான் எழுதிக் குடுத்தது. ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிஷத்துக்கு எவ்வளவு பெட்ரோல் ஊத்துதுன்னு பெஞ்சுல அளந்து எழுதினேனே. வேலை முடியற வரைக்கும் ஸ்டியரிங்லதானே தொங்கும். காணோமே.

— என் பையில பத்திரமா இருக்கு.

— குடுங்களேன். ஒரு எழுத்து சரியா விழல. திருத்திக் குடுத்துடறேன்.

— கையெழுத்துப் போட்ட அட்டையைத் திருத்தறதா? இந்த ஷெட்டுல அந்த வழக்கமே இல்லன்னு நான் வந்த முதல் நாள் சொன்னது நீதான். அளந்தவங்க கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது. வேற யாரும் மறுபடி அளக்கக் கூடாது, அளந்தா அது அவங்களை அவமானப்படுத்தற மாதிரி. எனக்கு அன்னிக்கு எவ்வளவு அதிசயமா இருந்துச்சு தெரியுமா? எங்க வீட்டுல கதவைப் பூட்டினா மூணு பேர் தனித்தனியா இழுத்துப் பாப்பாங்க.

— வழக்கம் கிடக்கட்டும். குடுங்க அண்ணி.

— இனிமே அது எதுக்கு? கம்ப்யூட்டர்ல போட வேண்டிய நம்பரைப் போட்டாச்சு.

— போட்டாச்சா? எப்போ?

— நேத்தே.

— இன்ஜெக்டரோட வந்த கம்பெனி பேப்பரோட ஒரு தடவை ஒத்துப் பாத்திருக்கலாமில்ல?

— அதைத்தான் நீ பெட்டியோட குப்பையில போட்டுட்டியே. "அவன் பேப்பர் அவனுக்கு, நம்ம பெஞ்சு நமக்கு"ன்னு.

— ஆமா. போட்டேன்.

— ஏன் கண்ணு, என் மேல உனக்கு என்ன கோபம்?

— கோபமெல்லாம் இல்ல. ஒரு விஷயம் மட்டும் கேக்கறேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி அண்ணன் ஏதாவது யோசிச்சா என்கிட்ட வாய்விட்டு யோசிப்பான். இப்போ பேசிக்கிட்டே வருவான், நான் பெஞ்சுல நிக்கறதைப் பாத்ததும், "உங்க அண்ணி எங்க?"ன்னு கேப்பான். மீதிப் பேச்சை உங்ககிட்ட எடுத்துட்டுப் போயிடுவான். உங்களுக்கு அது எப்படி இருக்கும்னு தெரியாது.

— எனக்கா தெரியாது? நீ அவரை வாடா போடாங்கறே. கோபம் வந்தா ஸ்பேனரைத் தூக்கி அடிக்கறே, அவர் சிரிக்கறாரு. நான் மூணு வருஷமா "என்னங்க"தான். சமையல்கட்டுல உங்க ரெண்டு பேர் சிரிப்புச் சத்தம் கேட்டு நான் உள்ள வந்தா, ரெண்டு பேரும் நிறுத்திடுவீங்க. என்ன விஷயம்னு கேட்டா, "அது பழைய கதை, உனக்குப் புரியாது"ம்பாரு.

— அது... அந்த ஜாக்கி கதையா இருக்கும்.

— எனக்கு யாரும் சொன்னதில்ல.

— என்ன, ரெண்டு பேரும் குசுகுசுன்னு? வெல்டிங் முடிஞ்சுது. பொடிசு, பெரிய ஃபேனை ரேடியேட்டர் முன்னாடி தள்ளு. ஏம்மா, கம்ப்யூட்டர் ரெடி. ஆமாவா இல்லையா?

— ஆமாங்க. நீங்க ஏறி உக்கார வேண்டியதுதான்.

— அண்ணா, முதல்ல பாதி மிதிச்சுப் பாக்கலாம்.

— பாதி எதுக்கு? அளந்தது நீ, டியூன் பண்ணது அவ. இதுல எனக்கு என்ன சந்தேகம்? நேரா முழுசு. இது மட்டும் நல்லா ஓடிடுச்சுன்னா டாக்டரோட கூட்டாளிங்க நாலு பேர் வண்டியும் நம்ம ஷெட்டுக்குத்தான் வரும். வெடிச்சா, அந்த நாலு பேரும் நம்ம தெரு வழியாகூட போக மாட்டாங்க.

— அண்ணா, சாவியைக் குடு.

— விளையாடற நேரமா இது? கதவை விடு.

— விட மாட்டேன். நீ இறங்கு முதல்ல.

— கதவை ஏன் இப்படிப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறே? ஏம்மா, இவளை ஏதாவது சொன்னியா?

— நான் ஒண்ணும் சொல்லலைங்க. நேரமாகுது. நீங்க ஸ்டார்ட் பண்ணுங்க.

— பண்ணாதடா. பிஸ்டன் உருகிடும்.

— என்ன?

— அட்டை தப்பு. நாலு பார் அழுத்தத்துல அளந்துட்டு மூணு பார்னு எழுதிட்டேன். அழுத்தம் கூடினா பெட்ரோலும் கூடத்தான் ஊத்தும், ஆனா வண்டியில ஓடறது மூணு பார்தான். நிமிஷத்துக்கு ஆயிரம் மில்லி ஊத்தற இன்ஜெக்டரை ஆயிரத்து நூத்தம்பதுன்னு சொல்லியிருக்கேன். கம்ப்யூட்டர் அதை நம்பிக்கிட்டுக் கொஞ்ச நேரம்தான் திறந்து விடும். முழுசா மிதிக்கறப்போ பெட்ரோல் பத்தாது, உள்ள நெருப்பு மாதிரி சூடாகிடும். நாலு செகண்டு தாங்காது அண்ணா.

— ஆறும் இப்படியா?

— ஆறும்.

— சரி. அழுத்த மீட்டரைப் பாக்காம விட்டுட்டே. மனுஷங்கதானே, கவனம் தப்பிடுச்சு. ஆமாவா இல்லையா?

— ஃபேனை அணைச்சுட்டு வரேன் அண்ணா, இரு.

— பொடிசு, உன்னைத்தான் கேக்கறேன்.

— இல்ல. தெரிஞ்சுதான் எழுதினேன்.

— தெரிஞ்சா?

— என்ஜின் போகணும்னு நினைக்கல. சத்தியமா இல்ல. காலையில ஐடில்லயே உதறும், அண்ணி லேப்டாப்பைத் தட்டித் தட்டி முழிப்பாங்க, நீ என்னைக் கூப்பிடுவே. நான் வந்து ரெண்டே நிமிஷத்துல கண்டுபிடிச்சுச் சொல்லுவேன். அவ்வளவுதான் கணக்குப் போட்டேன். ஆனா அது உதறவே இல்ல. யாரும் என்னைக் கூப்பிடவும் இல்ல.

— இத்தனை வருஷத்துல உன் அட்டையை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் சந்தேகப்பட்டு அளந்திருக்கேனா?

— இல்ல.

— நீ எழுதினதை நம்பி நான் எத்தனை வண்டியில ஏறி உக்காந்திருக்கேன்.

— கவுண்டருக்குப் போயிடறேன் அண்ணா. நாளைக்கு இல்ல, இப்பவே. அதுவும் வேணாம்னா வீட்டுலயே இருந்துடறேன்.

— நீ எங்க போறேங்கறதை அப்புறம் பாக்கலாம். இப்போ மணி மூணே முக்கால். ஆறையும் கழட்டி, பெஞ்சுல ஏத்தி, அளந்து, மாட்டி... அஞ்சு மணிக்குள்ள எப்படி முடியும்? டாக்டர் மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?

— கழட்ட வேண்டாங்க.

— கழட்டாம?

— கம்ப்யூட்டர்ல இருக்கறது சரியான நம்பர்தான். மூணு பார், ஆயிரம் மில்லி. நேத்து மத்தியானம் இவ சாப்பிடப் போனப்போ ஆறையும் நானே பெஞ்சுல ஏத்தி அளந்தேன்.

— கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறமா? இந்த ஷெட்டுல?

— ஆமாங்க. நான் இவளை நம்பல. வந்த நாள்லேருந்தே நம்பினதில்ல.

— அதான் காலையில உதறவே இல்ல. தெரிஞ்சுக்கிட்டேதான் அட்டையைத் தர மாட்டேன்னீங்களா அண்ணி? நான் அவ்வளவு கேட்டேனே.

— கேட்டே.

— இரு பொடிசு, நான் பேசறேன். ஏம்மா, தப்புன்னு உனக்கு நேத்தே தெரியும். இவ கதவைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்கறா, நீ பக்கத்துல நின்னு "ஸ்டார்ட் பண்ணுங்க"ங்கறே. நேத்தே ஏன் என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லல?

— சொல்லியிருந்தா தலையில ஒரு குட்டு வெச்சு மன்னிச்சிருப்பீங்க. இவ கடைசி வரைக்கும் வாயைத் திறக்காம இருக்கணும், நீங்க முழுசா மிதிச்சு முடிச்சு இறங்கினதும் இந்த அட்டையை நான் உங்க கையில குடுக்கணும்னுதான் நேத்துலேருந்து வேண்டிக்கிட்டு இருக்கேன்.