நிமால் போட்ட கதிரை

ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோர ஊருக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு தமிழர் இருந்தார்கள். காது கொடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். மெலிந்தவர் முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"சண்டையிலை பட்டு இதுக்குள்ளை கிடக்கிற சன்னம் சிலவேளை நிமாலின்ரையாயும் இருக்கும்."

மற்றவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஆர், உன்னோடை ரெஸ்டோரண்ட் குசினியிலை நிக்கிற சிங்களவனோ?"

"ஓம். ஆமியிலை இருந்தவன். மன்னாரிலை மண்ணணைக்கு இஞ்சாலை நான், அங்காலை அவன். போன வருசம் இறால் உரிச்சுக்கொண்டு கதைக்கேக்கைதான் தெரியவந்தது."

"பிறகு?"

"ரெண்டு நாள் ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்கேல்லை. மூண்டாம் நாள் போனால், நான் நிண்டு உரிக்கிற இடத்திலை ஒரு கதிரை கிடக்குது. அவன்தான் போட்டவன்."

"மன்னிப்புக் கேட்டவனோ?"

"இல்லை. நானும் கேக்கேல்லை. நானும் சுட்டனான்தானே."

மற்றவர் பேச்சை மாற்றினார்.

"ஞாயிறு வீட்டை வாறியோ?"

"ஏலாது. நிமாலின்ரை மகளுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் நான்."

"இந்தக் காலோடை பிள்ளையை எவ்வளவு நேரம் தூக்கிக்கொண்டு நிப்பாய்?"

"கோயிலிலையும் ஒரு கதிரை போடச் சொல்லி பாதரிட்டைச் சொல்லிப்போட்டான்."